ரிமோட் விமானம் பறக்கவிடத் தொடங்குகிறவர்களுக்கு

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இன்றைய காலத்தைப் போல வசதியான காலம் முன்பு வாய்த்ததில்லை. 1937-இல் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் அமெரிக்காவில் தங்கள் விமானத்தைப் பறக்கவிட்டபோது அதற்கான ரேடியோவையும் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பால்சா மரத்தை வெட்டி, ஒட்டி, உறை போர்த்தி, மெத்தனால் எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சினைப் பொருத்தி, மாதக்கணக்கான உழைப்புக்குப் பிறகே ஒருவரால் களத்துக்குப் போக முடிந்தது. இன்று ஃபோமில் வார்த்த விமானம் மோட்டாரும் சர்வோக்களும் (இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) பொருத்தப்பட்டே பெட்டியில் வருகிறது. ஒரே மாலையில் பூட்டி முடித்துவிடலாம். ஆனால் இந்த வசதியெல்லாம் விமானத்தை வானத்தில் ஏற்றும் வேலையைத்தான் எளிதாக்கியிருக்கிறது. அதைக் கண்ணால் தொடர்ந்து, அதன் வேகத்தை உணர்ந்து, காற்றுக்கு எதிராகத் திருப்பி, முழுசாகத் தரையிறக்கும் திறனைக் கையும் கண்ணும் பழைய காலத்தைப் போலவே மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொள்கின்றன. நான் கற்றுக்கொண்டதையும், பிறகு புதியவர்களுக்கு அருகில் நின்று கவனித்ததையும் வைத்து, எதில் அக்கறை செலுத்தினால் பலன் அதிகம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பணத்தை முதலில் டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்கும் ரேடியோவுக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமானங்கள் உடையும், மாறும், கைமாறும். நல்ல டிரான்ஸ்மிட்டர் பல ஆண்டுகள் கூடவே வரும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் வரையிலும் 35, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளே புழக்கத்தில் இருந்தன. ஒரே சேனலில் இருவர் சுவிட்சைப் போட்டால் ஒருவருடைய விமானம் விழுந்துவிடும் என்பதால், களத்தில் இருக்கும் பலகையிலிருந்து தன் சேனல் எண்ணுக்கான அட்டையை எடுத்துக்கொண்ட பிறகே ரேடியோவை இயக்கலாம் என்பது விதியாக இருந்தது. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் விமானத்துக்குள் சிக்னலைப் பெறும் ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு இணைக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்துக்கு மட்டுமே கட்டுப்படுவதாலும், பெரும்பாலானவை ஒரு நொடிக்குள் பலமுறை அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பதாலும் அந்தக் கவலை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மொழி உண்டு. ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டரும் ஃப்ளைஸ்கை ரிசீவரும் தாமாகப் பேசிக்கொள்ளமாட்டா. ஆகவே பல மொழிகளும் பேசும் டிரான்ஸ்மிட்டரை வாங்குவது, அல்லது எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் போன்ற திறந்த மூல முறையில் நிலைத்துவிடுவது பின்னாளில் செலவை மிச்சப்படுத்தும். ஆறு சேனல் போதும் (இங்கே சேனல் என்பது தனித்தனியாக இயக்கக்கூடிய ஒரு கட்டுப்பாடு). நான்கு சேனல் விமானத்துக்கும், மோட்டாரை முடக்கும் சுவிட்ச் ஒன்றும் கைரோவின் (சாய்வை உணர்ந்து தானாகத் திருத்தும் கருவி) நிலையை மாற்றும் சுவிட்ச் ஒன்றும் வைத்துக்கொள்வதற்கும் அதில் இடம் இருக்கும்.

டிரான்ஸ்மிட்டரில் இரு கைகளுக்கும் உள்ள ஸ்டிக்குகளின் அமைப்பை, அதாவது மோடை, வாங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இரண்டாம் மோடில் திராட்டிலும் (மோட்டாரின் வேகம்) ரடரும் (மூக்கை இடவலம் திருப்பும் வால் தகடு) இடது கையில், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஐலரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடுகள்) வலது கையில் இருக்கும். முதல் மோடில் திராட்டிலும் ஐலரானும் வலது கைக்கும், எலிவேட்டரும் ரடரும் இடது கைக்கும் போய்விடும். எது சிறந்தது என்று விவாதிப்பதில் பயனில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கை ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது மிகவும் கடினம்.

முதல் விமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இறக்கை உடலின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். நுனிகள் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால், சாய்ந்த விமானம் தானே நிமிர முயலும். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை இருந்தால் தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும், காற்றிலும் அதிகம் அலைக்கழியாது. போர் விமானத்தின் உருவத்தில் அழகாக வண்ணம் பூசி வரும் சிறிய விமானங்கள் மனதை இழுக்கும். அவை வேகமானவை, குறைந்த வேகத்தில் மன்னிக்காதவை. ஆசை எவ்வளவு இருந்தாலும் அவற்றை இரண்டாவது, மூன்றாவது விமானமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று அழுத்தமாகச் சொல்வேன்.

விமானம் வந்து சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் டிரான்ஸ்மிட்டரையே யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியோடு இணைத்துப் பழகும் சிமுலேட்டர்கள் உள்ளன. ரியல்ஃபிளைட் விலை கொடுத்து வாங்க வேண்டியது, பிகாசிம் இலவசமாகக் கிடைப்பது. சிமுலேட்டரில் தலைகீழாகப் பறப்பதும் வட்டமடிப்பதும் எளிதில் வந்துவிடும், ஆனால் அதற்காக அதைத் திறக்க வேண்டாம். விமானம் உங்களை நோக்கி வரும்போது சாய்வைச் சரிசெய்வது, ஒரே உயரத்தில் செவ்வகமாகச் சுற்றி வருவது, ஓடுதளத்தின் மேல் குறித்த இடத்தில் இறக்குவது ஆகிய மூன்றையும் சலிப்பு வரும்வரை பழகுங்கள். எனக்கு இதில் கிடைத்த பலனைப் பார்த்தால், களத்தில் முதல்முறை ஸ்டிக்கைப் பிடிக்கும்போது விரல்கள் யோசிக்காமல் நகரும் அளவுக்குப் பயிற்சி வந்திருப்பதே பாதி வேலை முடிந்தது போன்றது.

பூட்டும்போது கையேட்டில் ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போகக்கூடாத இடம் ஈர்ப்பு மையம். பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் அமையும். சரியான அளவைக் கையேடு மில்லிமீட்டரில் தந்திருக்கும். நான் செய்யும் முறை இது: இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இருபுறமும் சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி, பேட்டரியை உள்ளே வைத்து மூடி, இரு ஆள்காட்டி விரல் நுனிகளை ஒட்டுநாடாவின் மேல் கொடுத்துத் தூக்குவேன். விமானம் சமநிலையில் நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு சிறிதே கீழே சாய வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுவேன். அதற்கும் சரிவராவிட்டால் மூக்கில் எடை சேர்ப்பேன். மூக்குப் பக்கம் எடை கூடிய விமானம் மந்தமாகப் பறக்கும், வால் பக்கம் எடை கூடியதோ ஸ்டிக்கைத் தொட்டதும் எகிறும், யார் கையிலும் அடங்காது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தை உடலுக்குள் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்கலாம்.

அடுத்தது கட்டுப்பாடுகளின் திசை. மேசையில் வேலை செய்யும்போது புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள், 11.1 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் விரலை ஆழமாக வெட்டிவிடக்கூடியது, அது எப்போது சுழலும் என்பதை ஒரு தவறான சுவிட்ச் தீர்மானித்துவிடும். விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலதுபுறம் தள்ளினால் வலது ஐலரான் மேலேயும் இடது ஐலரான் கீழேயும் போக வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடர் ஸ்டிக்கை வலதுபுறம் தள்ளினால் ரடரின் பின்விளிம்பு வலதுபுறம் திரும்ப வேண்டும்.

கைரோ உள்ள விமானங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கைரோவை இயக்கிவிட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையால் வலதுபுறம் சாய்த்தால், தாழ்ந்த வலது இறக்கையை மீண்டும் தூக்குவதற்காக வலது ஐலரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். ஸ்டிக்கின் திசை சரியாக இருந்தும் கைரோவின் திசை தலைகீழாக இருக்கும் விமானம், சிறிய சாய்வையும் பெரிதாக்கிக் கொண்டே போய் தரையில் மோதிவிடும். மனிதர் கை அதை வெல்வது அரிது.

சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பில் திராட்டில் பூஜ்ஜியத்துக்குப் போகும்படி வைத்து, புரொப்பல்லர் இல்லாத நிலையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து உண்மையாகவே சோதியுங்கள். அன்றாட வழக்கத்தில் டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, பிறகே விமானத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அணைக்கும்போது விமானம் முதலில். பறக்கும்போது ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்ட வேண்டாம், அந்தத் திசையில்தான் அதன் சிக்னல் மிகக் குறைவு.

லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் மரியாதையோடு நடத்த வேண்டும். ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் நிரந்தரமாகக் கெடும். பயிற்சி விமானங்களில் அதிகம் வரும் மூன்று செல் பேட்டரி முழுமையாக நிறைந்தால் 12.6 வோல்ட் காட்டும். 2200 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது பாதுகாப்பான வேகம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். செல்களைத் தனித்தனியாகச் சமன்படுத்தும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும், எரியாத பரப்பின் மேல் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை, அது இன்னும் ஓடுகிறது என்பதற்காக, விமானத்தில் வைக்க வேண்டாம். அன்று பறக்கவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமித்து வையுங்கள். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் வலுவிழக்கும்.

பறக்கும் நேரத்தை ஊகிக்க வேண்டாம், கணக்கிடலாம். பேட்டரியின் 80 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால் 2200-இல் 1760 கிடைக்கும். சராசரியாக 12 ஆம்பியர் இழுக்கும் விமானத்துக்கு அது எட்டு, ஒன்பது நிமிடம். முதல் நாட்களில் டைமரை ஐந்து நிமிடத்தில் வைத்து இறக்கிவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று மீட்டரில் பார்த்து, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்வதே நிதானமான வழி.

சட்டத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளில் 250 கிராமுக்கு மேற்பட்ட விமானங்களுக்குப் பதிவு தேவை, உயரம் ஏறக்குறைய 120 மீட்டருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, விமான நிலையங்களின் சுற்றுப்புறத்தில் தடை உண்டு. உங்கள் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே படித்துவிடுங்கள். களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரில் மரங்களும் மின்கம்பிகளும் மனிதர்களும் இல்லாத, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் இடமாகப் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடாகும் முன், விடிகாலையில் காற்று பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கற்கும் காலத்துக்கு அதுவே உகந்த வேளை.

ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவருடைய டிரான்ஸ்மிட்டரோடு உங்களுடையதைக் கம்பியில்லாமல் இணைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை விமானம் உங்கள் கையில் இருக்கும். சுவிட்சை விட்டதும் அவர் கைக்குப் போய்விடும். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் விமானத்தைத் தானே ஏற்றி, டிரிம் சரிசெய்து (ஸ்டிக்கைத் தொடாதபோதும் நேராகப் பறக்கும்படி தகடுகளின் நடுநிலையைத் திருத்தி), நல்ல உயரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் என் கையில் கொடுப்பார். நான் ஸ்டிக்கை அசைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "விரலைச் சும்மா வைங்க, நேராப் போறது அதுக்கே தெரியும்" என்றார். விரலை நிறுத்தியதும் விமானம் அமைதியாகச் சென்றதை இன்றும் மறக்கவில்லை. சரியாக டிரிம் செய்யப்பட்ட பயிற்சி விமானம் நிமிர்ந்து பறப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. தேவையான அளவு தொட்டு, விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பதே பறக்கவிடுதல்.

கைரோ தானாக நிமிர்த்தும் வசதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பயந்துபோன நொடியில் ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானத்தை நிமிர்த்திக் காப்பாற்றும் இந்த வசதி மிக நல்லது, முதல் சில நாட்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கிறேன். அதற்குப் பிறகும் அதையே நம்பிக்கொண்டிருந்தால் சாய்வை உணர்ந்து திருத்தும் பழக்கம் கைக்கு வராது. மூன்று நிலைச் சுவிட்சில் முழு உதவி, அரை உதவி, உதவியின்மை என்று வைத்து, உயரத்தில் இருக்கும்போது உதவியை நிறுத்திச் சில வட்டங்கள் பறந்து, தடுமாறினால் மீண்டும் உதவிக்குத் திரும்புவது நல்ல பயிற்சி.

எல்லோரையும் முதலில் தடுமாற வைப்பது திசைக் குழப்பம். விமானம் உங்களை விட்டு விலகிச் செல்லும்போது வலது என்றால் வலதுதான். உங்களை நோக்கித் திரும்பியதும் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். இதற்கு மனக்கணக்கு போட நேரம் இருக்காது. நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளி, அந்த இறக்கைக்கு அடியில் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வழி என் கைக்கு உடனே பிடிபட்டது, நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படியே. இன்னொன்று, தூரத்தைக் குறையுங்கள். நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் போனால் தெரிவது மேற்பக்கமா அடிப்பக்கமா என்பதே சந்தேகமாகிவிடும். மேற்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் நன்றாக வேறுபடும் வண்ணம் கொடுத்தால் கண்ணுக்குப் பெரிய உதவி.

வேகத்தைப் பற்றிய உணர்வு அதைவிட நுட்பமானது, என் பார்வையில் இந்தக் கலையின் உயிர்நாடி. இறக்கையைத் தாங்குவது காற்றோடு ஒப்பிட்ட வேகம்; நம் கண்ணுக்குத் தெரிவதோ தரையோடு ஒப்பிட்ட வேகம். காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 15 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துப் போகும்போது தரைக்கு மேல் 25-இல் ஊர்வது போலத் தெரியும். காற்றோடு திரும்பியதும் 55-இல் பாய்வது போலத் தெரியும். பாய்கிறதே என்று திராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, கூர்மையாகத் திருப்பினால் இறக்கை தூக்குவிசையை இழந்து ஒரு பக்கமாகச் சரிந்து விழும். உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்வில் திரும்பும்போது விமானம் மிதந்திருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. 60 பாகையில் 41 சதவீதம். ஆகவே தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும்போது திருப்பங்கள் அகலமாகவும் சாய்வு குறைவாகவும் இருக்க வேண்டும். நல்ல உயரத்தில் திராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்துக்கொண்டே போய், உங்கள் விமானம் எந்த வேகத்தில், எப்படித் தளர்கிறது என்பதை வேண்டுமென்றே பார்த்துவிடுங்கள். இறக்கைகள் லேசாக ஆடும், ஐலரானுக்குப் பதில் சோம்பலாக வரும், பிறகு மூக்கு விழும். எலிவேட்டரை விட்டு, சிறிது வேகம் வந்ததும் நிமிர்த்தினால் போதும். இந்த அறிகுறிகளை மேலே பார்த்துப் பழகியவருக்குத் தரையருகே அவை தென்படும்போது கை தானாகச் சரியானதைச் செய்யும்.

தரையிறக்கத்தைக் கடைசி நிமிட வேலையாக வைத்துக்கொள்ளாமல், பேட்டரி பாதி இருக்கும்போதே முயற்சிகளைத் தொடங்குங்கள். காற்றோடு ஓடுதளத்துக்கு இணையாகச் சென்று, அகலமாகத் திரும்பி, காற்றை எதிர்நோக்கி நீண்ட நேர்கோட்டில் வர வேண்டும். நீளம் முக்கியம், அவசரமாகத் திரும்பியவருக்கு நேராக்கிக்கொள்ளவே நேரம் போதாது. இந்தக் கட்டத்தில் உயரத்தைத் திராட்டிலாலும் வேகத்தை எலிவேட்டராலும் கட்டுப்படுத்துவதாகக் கருதுங்கள். ஓடுதளத்தை எட்டாதென்று தோன்றினால் மூக்கைத் தூக்காமல் திராட்டிலைச் சிறிது கூட்டுங்கள். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் திராட்டிலை முழுதாகக் குறைத்து, எலிவேட்டரை மிக மெல்ல இழுத்து, விமானத்தைத் தரைக்குச் சற்று மேலேயே நிறுத்திவைக்க முயலுங்கள், அதுவாகவே அமரும். கோடு தவறினால் இறக்கைகளை நிமிர்த்தித் திராட்டிலைக் கூட்டி, மறுபடி சுற்றி வாருங்கள். அந்த முடிவை முன்கூட்டியே எடுப்பவர்களின் விமானங்கள் நீண்ட காலம் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விழுந்தாலும் ஃபோம் விமானத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று ஒட்டாமலே வைத்துப் பார்த்து, ஃபோமுக்கு ஏற்ற பசையால் ஒட்டுங்கள். சாதாரண உடனடிப் பசை சிலவகை ஃபோமைக் கரைத்துவிடும், ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சேதத்தையும் தேடுங்கள்: சர்வோவின் பல் உடைந்திருக்கலாம், மோட்டாரின் தண்டு வளைந்திருக்கலாம், கீறல் விழுந்த புரொப்பல்லர் சுழலும்போது சிதறலாம். புரொப்பல்லரில் சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். மீண்டும் பறக்கவிடும் முன் ஈர்ப்பு மையத்தையும் புதிதாகச் சோதியுங்கள், ஏனென்றால் வால் பக்கம் சேர்ந்த பசையின் எடையே அதை நகர்த்திவிடும்.

கைரோவின் உதவியில்லாமல், மிதமான காற்றிலும், இரு திசைகளிலிருந்தும் நினைத்த இடத்தில் இறக்க முடிந்த பிறகு, நடுவிலோ கீழேயோ இறக்கை அமைந்த ஐலரான் விமானத்துக்குப் போகலாம். சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கும் அந்த விமானத்தில் ரடரின் பயன் முதல்முறையாக முழுமையாகப் புரியும். பயிற்சி விமானத்தை அப்போதும் கொடுத்துவிட வேண்டாம். புதிய விமானத்தில் ஒரு பழுது வந்து காத்திருக்கும் நாட்களில் அது உதவும், அடுத்து கற்க வருகிறவரின் கையில் கொடுக்கவும் பயன்படும். அதன் உடல் ஒருநாள் மீட்க முடியாமல் போனாலும் மோட்டாரும் சர்வோக்களும் ரிசீவரும் வேறொரு விமானத்துக்குள் மாறிக்கொள்ளும்.